பள்ளத்தாக்கில் பன்னிரண்டு மைல்

கொலராடோவில் கிளென்வுட் பள்ளத்தாக்குக்குள் லாரி நுழைய இன்னும் இரண்டு மைல் இருந்தபோது, ரோஸ்கோ டெல்ப் தன் மனைவியின் குரலை ரேடியோவில் கேட்டான்.

லாரி ஓட்டுநர்களுக்கென்றே நடக்கும் சாட்டிலைட் சேனல் அது. மதியம் இரண்டு மணிக்கு மேல் நேயர்கள் போனில் குடும்பக் கதை பேசுவார்கள். நிகழ்ச்சியை நடத்துகிறவன் கிண்டலடிப்பான். இன்று ‘நெப்ராஸ்காவிலிருந்து பெட்டி என்கிற மேடம்’ என்றுதான் அறிமுகப்படுத்தினான். ஆனால் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, “சொல்லட்டுமா?” என்று ஆரம்பித்த குரல் கார்லீனுடையது. பத்தொன்பது வருடமாக அவன் வீட்டில் கேட்கும் குரல்.

“என் வீட்டுக்காரர் தினமும் போன் பண்ணுவாரு. நாய் சாப்டுச்சான்னு கேப்பாரு. நான் சாப்டேனான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

“நாயா பொறந்திருக்கலாம்னு தோணுதா மேடம்?”

“சில நாள் தோணும். மார்ச்ல எனக்கு மார்புல ஆபரேஷன். தோள்பட்டை சுளுக்குன்னு சொன்னேன். நம்பிட்டாரு.”

நடத்துகிறவன் சிரிப்பை நிறுத்தினான். “இப்ப என்ன முடிவு பண்ணிருக்கீங்க?”

“முடிவு என்னன்னா…”

பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி வானத்தை ஒரு கீற்றாக்கிவிட்டன. சிக்னல் இல்லை என்று திரை காட்டியது.

பன்னிரண்டு மைல். நிறுத்தவும் வழியில்லை, பின்னால் இன்னொரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஏப்ரலில் அவன் வீட்டுக்குப் போனபோது இரண்டு நாளும் அவள் வாணலியைத் தூக்கவில்லை. இறைச்சியை அவனே வறுத்துக்கொண்டு, “சோம்பேறி ஆயிட்ட நீ” என்று சொல்லியிருந்தான். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

ஒரு வளைவில் ஒலி திரும்பியது. “…கெட்டவர்னு சொல்லமாட்டேன்…” உடனே சுரங்கப்பாதை வந்து அதையும் விழுங்கியது. வெளியே வந்ததும் நடத்துகிறவனின் பெருமூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மறுபடியும் பாறை.

பள்ளத்தாக்கு விரிந்து ரேடியோ முழுதாகப் பேசியபோது டயர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவின் மைக்கை எடுத்தான்.

“அந்த பெட்டிங்கற அம்மா கடைசில என்ன சொல்லிச்சு? எனக்குப் பாறைல கட்டாயிடுச்சு.”

“ஐயோ பங்காளி, அதப் போய் விட்டுட்டியே!” எதிரே வரும் லாரியிலிருந்து யாரோ உற்சாகமாகச் சொன்னான். “மூட்டைய கட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுச்சாம். நேர்ல சொன்னா பேச்ச மாத்திருவான், இந்த சேனல்தான் கேப்பான், இதுலயே கேட்டுக்கட்டும்னுச்சு.”

இன்னொருவன் குறுக்கிட்டான். “பொண்டாட்டி ஆபரேஷன் பண்ணது கூட தெரியாத கூமுட்டை எவன்யா அவன்?”

“எங்கயாச்சும் டிரக் ஸ்டாப்ல உக்காந்து நல்லா தின்னுட்டிருப்பான்.”

“ஆமா,” என்றான் ரோஸ்கோ. சிரிக்கவும் செய்தான். மைக்கை மாட்டினான்.

ஆற்றோரம் இருந்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தி அவளைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“கேட்டியா?” என்றாள்.

“எத?”

“ரேடியோவ.”

“பள்ளத்தாக்குல இருந்தேன் கார்லீன். ஒண்ணும் வரல.”

பின்னால் அவள் அக்காள் யாரிடமோ கதவைச் சாத்தச் சொல்வது கேட்டது.

“அப்ப நானே சொல்லணும்,” என்றாள். மூச்சை இழுத்துவிட்டாள். “சொல்லட்டுமா?”

“இப்ப வண்டி ஓட்டிட்டிருக்கேன். அப்புறம் பேசலாம்.”

“ரோஸ்கோ, இன்ஜின் சத்தமே கேக்கலையே.”

அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே ஆற்றில் ரப்பர் படகில் ஆறேழு பேர் துடுப்புப் போட்டு வந்தார்கள். லாரியைப் பார்த்ததும் முன்னால் இருந்த பெண் நனைந்த கையை உயர்த்தி, ஹாரன் அடிக்கச் சொல்லி, லாரிக்குள் தொங்கும் ஹாரன் கயிற்றை இழுப்பதுபோல் காற்றில் கீழே இழுத்துக் காட்டினாள். மற்றவர்களும் இழுத்தார்கள். படகு வளைவில் திரும்பும்வரை, முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டே போனார்கள்.