நான் துடைத்த வெளிச்சம்

கல்யாண ஆல்பத்திலிருந்து ஆளை எடுப்பதில் செஞ்சியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நிலத் தகராறில் முறைத்துக்கொண்ட தாய்மாமன், கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவர், பந்தி இலைமேல் உட்கார்ந்த ஈ, எல்லாம் பத்து நிமிடத்தில் காலி. தாய்மாமன் நின்ற இடத்தில் ஒரு வாழைமரத்தை நட்டுவிடுவேன். ஆறு மாதம் கழித்து ராசியாகி, "மாமனைத் திரும்ப வெச்சிக் குடும்மா" என்று அதே குடும்பம் வந்து நிற்கும். அதனால் கைபடாத மூலப்படத்தை மட்டும் நான் அழிப்பதே இல்லை.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அமீர் ஜான் பாய் வானத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாய்க்குத் திண்டிவனம் ரோட்டில் பேட்டரி கடை. சம்பாதிப்பதில் பாதியைத் தொலைநோக்கியிலும் கேமராவிலும் போட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர். தொண்டூரில் மச்சானுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லை உண்டு; அதன் நடுவே தொலைநோக்கியை நிறுத்தி, லாரி பேட்டரியில் ஓடவிட்டுப் படமெடுப்பார். நட்சத்திரங்களுக்கு நடுவே புகைபோல் கிடக்கும் வாயு மேகங்கள்தான் அவருக்குக் குறி. யாருமே பார்க்காத ஒன்றைத் தான் முதலில் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவருடைய ஒரே ஆசை. ஹஜ்ஜுக்கு அடுத்தபடி அது என்பார்.

கேமரா முன்னால் ஒரு வடிகட்டி போட்டால் ஹைட்ரஜனின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். இன்னொன்றில் ஆக்சிஜன், இன்னொன்றில் கந்தகம். தெருவிளக்கெல்லாம் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். பத்துப் பத்து நிமிடப் படமாக நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கினால், கறுப்பு வெள்ளையில் மூன்று படம் கிடைக்கும். அடுக்குவதும், அவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் கொடுத்து ஒன்றாக்குவதும் என் வேலை. முதலில் திறந்தால் கரும்பலகை மாதிரி ஒன்றுமே இருக்காது. வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற மேகம் எழுந்து வரும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரே போன் செய்தாலும் எடுக்கமாட்டேன்.

பாய்க்கு ஒரே தொல்லை மேல்மலையனூர் அமாவாசை. வானம் நன்றாக இருட்டும் அன்றைக்குத்தான் அங்காளம்மனுக்குக் கூட்டம்; விடிய விடிய ஸ்பெஷல் பஸ். கொல்லை ஓரம் திரும்பும்போது ஹெட்லைட் தொலைநோக்கிக் குழாய்க்குள் அடித்து, வடிகட்டியையும் மீறி, படத்தின் மூலையில் மங்கலாய் ஒரு கறை விழும். இரண்டு முறை "இது இன்னா பாய்?" என்று கேட்டேன். "பஸ்ஸும்மா, தொடச்சிடு" என்றார். துடைத்தேன்.

மூன்றாவது முறை கேட்கவில்லை. அது நாற்பத்திரண்டு மணி நேரப் படம். அதை ஒன்றாக்க நான் உட்கார்ந்தது மார்ச் இருபத்தொன்றாம் தேதி. ஆக்சிஜன் படத்தின் மூலையில் நகக்கீறல் போல் வளைந்து ஒரு மங்கல். கை தானாகப் போய்த் துடைத்துவிட்டது. முடித்த படத்தை, இப்படிப் படமெடுப்பவர்கள் உலகம் முழுக்கக் கூடும் இணையக் குழுவில் பாய் போட்டார். நிறையப் பாராட்டு வந்தது.

சித்திரை பிறந்த வாரம், அல்வாப் பொட்டலத்தோடு பாய் என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"லதாம்மா, நம்ம படம் ஒரு பஞ்சாயத்தயே தீத்துடுச்சு!"

விஷயம் இதுதான். சிலி நாட்டு டீச்சர் ஒருவர் அதே இடத்தை ஏப்ரல் நான்காம் தேதி படமெடுத்திருக்கிறார். எந்த அட்டவணையிலும் இல்லாத ஆக்சிஜன் வளைவு ஒன்று தெரிகிறதே, நிஜம்தானா என்று குழுவில் கேட்டிருக்கிறார். உடனே பெரிய கைகள் பாய் படத்தைத் தூக்கிக் காட்டின. இந்தியாக்காரர் நாற்பத்திரண்டு மணி நேரம் எடுத்ததில் ஒன்றுமில்லை, உன்னுடையது லென்ஸ் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். அந்த அம்மா மன்னிப்புக் கேட்டு, இன்றைக்கே படத்தை நீக்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறவன் எடுத்த படத்த சாட்சியா வெச்சிருக்கானுங்க பாரு!" என்று போனை நீட்டினார். டீச்சரின் வளைவைப் பார்த்தேன். அதே மூலை. அல்வாவைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன்.

தப்பை ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாணப் பெண்ணுக்கு ஆறு விரல் வந்தபோதுகூட பிரிண்ட் போட்டவன் மேல்தான் பழி போட்டேன். இதையும் விட்டுவிடலாம். சிலி எங்கே, செஞ்சி எங்கே. பாய் இவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் என் கடைக்கு வந்ததில்லை. ஆனால் தான் கண்டதைத் தானே இல்லை என்று சொல்லப்போகும் அந்த டீச்சரை நினைத்தால் விட மனசு வரவில்லை.

கைபடாத ஆக்சிஜன் படத்தைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினேன். மூலையில் வளைவு எழுந்து வந்தது. போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே நீளம், அதே வளைவு.

"பஸ்ஸுன்னு நெனச்சி நாந்தான் தொடச்சிட்டேன் பாய்."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எத்தினி ராத்திரி எடுத்தேன் லதா அத?"

"பதினொண்ணு."

"பதினோரு ராத்திரியும் பஸ் ஒரே எடத்துலயா திரும்பும்?"

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுது மொதல்ல" என்றார். "அந்தம்மா அழிச்சிடப் போவுது."

எழுதினேன். வளைவு நிஜம், துடைத்தது நான், இதோ மூலப்படம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு மணி நேரத்தில் டீச்சரிடமிருந்து பதில் வந்தது. அழுகிற முகம் பத்து, நன்றி ஒன்று, கீழே ஒரு கேள்வி: அப்படியானால் இதை முதலில் பார்த்தது யார்?

பாய் பெயரை அடிக்கத் தொடங்கினேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் எங்க பாத்தேன்? நீ முடிச்சிக் குடுத்ததத்தான பாத்தேன். மார்ச் இருபத்தொண்ணு. அந்த வெளிச்சம் மொதமொதல்ல பட்ட கண்ணு உன்னுதும்மா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "பாத்ததும் நீ, தொடச்சதும் நீ. ரெண்டையும் எழுது."

அவர் அத்தனை வருடம் ஆசைப்பட்டது என் கண்ணில் பட்டு, நான் அதைக் கறை என்று துடைத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. கீபோர்டை வாங்கி என் பெயரை அடித்தேன். பக்கத்தில் அவர் பெயரையும் அடித்து, அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அனுப்பிவிட்டேன்.