டவர் இல்லாத இடம்

பெட்டி அன்றைக்கும் செத்துக் கிடந்தது.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மெக்கானிக்குகள் ஸ்பானர் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். உள்ளே ஒரு சின்ன ரவுட்டர், ஒரு லித்தியம் பேட்டரி, மூடியில் துளை போட்டு இரண்டு ஆன்டெனா. வெளியே, புத்தகம் போல மடங்கும் சோலார் பேனல். எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் முதுகில் சுமக்கிற எடை. தூரத்திலிருந்து வரும் வைஃபையை வாங்கி இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

எங்கள் ஆய்வு மையம் சதுப்பு நிலத்தில் தவளைகளின் சத்தத்தைப் பதிவு செய்கிறது. சதுப்பின் விளிம்பில் ஒரு குன்று, அதன் மேல் ஆபீஸ். அங்கே இன்டர்நெட் உண்டு. உள்ளே தள்ளி இருக்கும் கூடாரத்தில் ஒன்றும் கிடையாது. பெட்டி ஒரு வாரம் நிற்காமல் ஓடினால், அதைத் தூக்கிக்கொண்டு நானே கூடாரத்துக்குப் போகலாம். பருவம் முடியும்வரை அங்கேயே இருக்கலாம். ஓடாவிட்டால் வேறு ஒருவர் போவார்.

வீட்டில் "அங்க டவர் கிடையாது" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை.

இது என் மனைவியின் பெற்றோர் வீடு. அவள் இறந்துபோன பிறகும் இங்கேயே இருக்கிறேன். கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. கிளம்புகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை என் சட்டைகளை அயர்ன் செய்து அவள் அலமாரியில், அவள் துணிகளுக்கு நடுவே மாட்டுகிறார். ஆபீசுக்குக் காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன். நான் எடுக்காவிட்டால் வாட்ச்மேனுக்கு. அறைக் கதவைத் தாழ்போட்டால் சற்று நேரத்தில் தட்டுவார். "மாப்பிள்ளை, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" இப்போது தாழ்போடுவதில்லை.

"இன்னைக்கும் புட்டுக்கிச்சா?" மாமா படியில் நின்று கேட்டார்.

"ஆமா மாமா."

"விடுங்க. ராக்கெட் விடறவங்களுக்கே கடல்ல விழுது. இது தொட்டியில விழாம பாத்துக்கங்க, குடிக்கிற தண்ணி."

வயரிங் சரி. ஃபியூஸ் சரி. வானத்தில் மேகமே இல்லை. பேட்டரியில் மட்டும் சொட்டுக் கரண்ட் இல்லை. பேனல்தான் மட்டம் என்று முடிவு செய்து, மறுநாள் ஆபீசிலிருந்து வேறொன்றை வாங்கிக்கொண்டு மதியமே வந்தேன்.

பேனல் மேல் போர்வை கிடந்தது. கெட்டிப் போர்வை, இரண்டாக மடித்தது. காற்றில் பறக்காமலிருக்க மூலைகளில் செங்கல். அந்தப் பக்கம் அத்தை துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது என்ன?"

"வெயில் இந்த அடி அடிக்குதே மாப்பிள்ளை. வெடிச்சு கிடிச்சு வைக்கப் போவுதுன்னு போட்டேன்."

"வெயில் பட்டாத்தான் அது ஓடும்."

ஒரு ஈரத் துண்டை உதறினார். மறுபடி உதறினார்.

"தெரியும்," என்றார். "ஓடிட்டா நீங்க போயிடுவீங்கல்ல."

நான் புது பேனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டவர் இல்லைங்கறீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா? அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப என் போன்ல சார்ஜ் இல்லை. நான் பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்திருக்கேன்."

அன்று கூப்பிட்டவன் நான்தான். திரும்பத் திரும்ப.

போர்வையை உருவிப் போட்டிருக்கலாம். பெட்டியை ஆபீஸ் மாடிக்கே எடுத்துப் போயிருக்கலாம். யார் தடுத்திருப்பார்கள்? கூடாரத்துக்குப் போயிருப்பேன். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டிருப்பேன். இத்தனை நாள் ஸ்க்ரூ முடுக்கியதெல்லாம் அதற்குத்தான்.

அத்தை துண்டைக் கொடியில் போடவே இல்லை. கையிலேயே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெட்டி இருந்தா அங்கேருந்து பேசலாம் அத்தை," என்றேன்.

"பேசலாமா?"

"மூஞ்சியப் பாத்தே பேசலாம்."

"அப்புறம் எதுக்கு டவர் இல்லைன்னீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குனிந்து செங்கற்களை எடுக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து பெட்டி நிற்கவேயில்லை. அத்தை காலையில் பேனலை ஈரத் துணியால் துடைத்தார். வெயில் நகர நகர அதையும் நகர்த்தி வைத்தார். காக்காயை விரட்ட ஒரு குச்சி. "மாப்பிள்ளைக்குச் செஞ்சது போதாதுன்னு இப்ப பெட்டிக்கும் உபசாரம். எனக்கு ஒரு டீக்கு நாதியில்லை," என்றார் மாமா. என் மேலதிகாரி அந்த வாரத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு, வெளியிடத்தில் வைத்த பெட்டி இப்படி ஓடி அவர் பார்த்ததில்லை என்றார்.

கடைசியாகத் தூரச் சோதனை. போனோடு ஒருவர் நடந்து போக வேண்டும். நான் மாடியில், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"நான் போறேன்," என்றார் அத்தை. மாமா ஊக்கால் நெம்பி அவர் போனின் சிம்மைக் கழற்றினார். இனி அந்தப் போனுக்குப் பெட்டி மட்டும்தான் கதி.

திரையில் அவர் முகவாய், அதற்கு மேல் வானம். தெருமுனை வந்தது. பள்ளிக்கூடச் சுவர் வந்தது.

"கேக்குதா மாப்பிள்ளை?"

"கேக்குது."

மைதானத்தில் இறங்கினார். பாதி தாண்டினார். கணக்குப்படி அங்கே சிக்னல் அறுந்துவிட வேண்டும். படம் உறைந்தது. பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றது. மூச்சை விட்டேன். மாடியில் வேறு சத்தமே இல்லை. துணிகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

படம் அசைந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை அத்தை."

"சரி, அங்கயே நில்லுங்க. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாக்கறேன்."