கதவில்லாத பால்கனி

அல்மாட்டி நகரத்தின் மையத்தில் இருக்கும் அந்த மஞ்சள் நிறக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், முகப்புக்குச் சரியாக நடுவே ஒரு பால்கனி உண்டு. அடியில் சுண்ணச்சாந்தில் வார்த்த ஆப்பிள்களும் திராட்சைக் கொத்துகளும் தொங்கும். அதற்குள் போக மட்டும் கதவு கிடையாது. எழுபது வருடமாகப் புறாக்கள்தான் குடியிருந்தன.

அதன் பின்னால் இரண்டு வீடுகள். ஒன்றில் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மார்ஜான் என்ற பெண்மணி. அடுத்ததில் ஓபரா வாத்தியக் குழுவில் குழல் ஊதிக்கொண்டிருந்த பெரியவர் ரிஃப்கத். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் பால்கனியின் சரிபாதியில் போய் முட்டியது. ஆகவே அது யாருடையது என்று இருவருக்கும் பன்னிரண்டு வருடமாக வாய்த்தகராறு.

ஏப்ரலில் ஒரு ஆப்பிள் பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. ஆனாலும் பால்கனியை இடித்துவிடப் போவதாக நகராட்சிக்காரர்கள் வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

மார்ஜானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே ஆவணக் காப்பகத்துக்குப் போய், மூன்று நாள் அலைந்து, கட்டடத்தின் பழைய வரைபடத்தைக் கண்டுபிடித்தாள். அதில் பால்கனிக்கு வீட்டுக்கு ஒன்றாக இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டின் மேலும் சிவப்புப் பென்சிலால் கோடு. ஓரத்தில், ‘வீண் ஆடம்பரம், நீக்கவும்.’

நேராக வந்து ரிஃப்கத்தின் கதவைத் தட்டினாள்.

“ரிஃப்கத் அகா, சுத்தியல் இருக்கா?”

“எதுக்கு, என் மண்டையப் பொளக்கவா?”

“அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்போதைக்கு உங்க சுவரு போதும்.”

வரைபடத்தைப் பார்த்ததும் பால்கனிப் பக்கச் சுவரை மறைத்திருந்த அலமாரியை அவரே நகர்த்தினார். காரையைத் தட்டி உதிர்த்தபோது, உள்ளே செங்கல் வளைவு ஒன்று அழகாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அவசரத்தில் அடைத்த மட்டமான கல். கதவுக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர், தொல்கின் என்ற இளம்பெண், ஏணி வண்டியில் ஏறி, அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“தளத்தைத் தாங்கறது இரும்பு உத்தரம். ரெண்டு வீட்டுத் தரைக்கு அடியிலயும் ஓடுது. இன்னும் நூறு வருஷம் நிக்கும். உதிர்ந்தது வெறும் அலங்காரம்தான், ஒட்டிக்கலாம்.”

“அப்ப கதவு?” என்றாள் மார்ஜான்.

“தாராளமா வைங்க. இடிக்க வேண்டாம்னும் சேர்த்து எழுதித் தர்றேன்.”

ஜூன் மாதம் இரண்டு கதவும் ஒரே நாளில் திறந்தன. மார்ஜான் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நின்றாள். தெருவின் ஓக் மரங்களுக்கு மேலே மலை முழுசாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. ரிஃப்கத் அதைப் பார்க்காத மாதிரி ஒரு மடக்கு மேசையைக் கொண்டுவந்து, நடுவில் விரித்தார்.

“ரெண்டு காலு உங்க பக்கம், ரெண்டு என் பக்கம். இனி யாரும் தகராறு பண்ணக்கூடாது.”

மார்ஜான் பால் தேநீரும் சுடச்சுட எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகளும் கொண்டுவந்து வைத்தாள்.

“தட்டு முழுசா உங்க பக்கம் இருக்கே,” என்றார் அவர்.

“கை நீளும்ல? நீட்டிச் சாப்பிடுங்க.”

அவர் நீட்டிச் சாப்பிட்டார்.