மொட்டை மாடியில் விரித்த ஃப்ளெக்ஸ்

தரையில் இருக்கும்போது ரேணுகா அவனை "அண்ணே" என்பாள். விமானத்தில் ஏறி பெல்ட் மாட்டிவிட்டால் வெறும் "லிங்கேஸ்வரன்". பெங்களூர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்க வந்தவன் அவன். அவனைவிட ஐந்து வயது இளையவளான ரேணுகாதான் பயிற்சியாளர். தேவாரத்துக்காரி.

அன்று தாழப் பறக்கும் பாடத்தின் கடைசி வகுப்பு. மேகம் இறங்கிவிட்டால் அதற்குக் கீழே பத்திரமாக எப்படி வருவது என்பதே பாடம். அவள் கையெழுத்துப் போட்டால் நாளை அவன் முதன்முறையாகத் தொலைதூரம் தனியாகப் போகலாம்.

போடிக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகள் பாதிவரை மேகத்துக்குள் கிடந்தன. தரையிலிருந்து ஐந்நூறு அடியில், தென்னந்தோப்புகளின் மேல் விமானத்தின் நிழல் ஒரு கோழிக்குஞ்சு போல ஓடிவந்தது.

"கரண்டு கம்பி எங்க இருக்கு?"

"கம்பி கண்ணுக்குத் தெரியாது மேடம். போஸ்ட்டத்தான் தேடணும். அந்தா, வாய்க்கா ஓரமா போகுது."

"ரெண்டு மலைக்கு நடுவுல போகணும்னா?"

"நட்டநடுவுல போகமாட்டேன். ஒரு சரிவ ஒட்டிப் போவேன். அப்பத்தான் திரும்ப எடமிருக்கும்."

"சரி. ராசிங்காபுரம் வருது, ஒங்க ஊரு. வேடிக்க பாக்காம ஓட்டுங்க."

ஒன்றை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. பத்தரை மணிக்கு ஊருக்கு மேலே வருவதாக மாமன் மகன் ராஜாராமிடம் போனில் சொல்லியிருந்தான்.

அவன் வீட்டு மொட்டை மாடி முழுக்க ஆட்கள். நடுவில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். கட்டித் தொங்கவிட்டால் விமானத்திலிருந்து தெரியாதே என்று, வானத்தைப் பார்க்க மல்லாக்க விரித்திருந்தார்கள். தன் முகமே கீழேயிருந்து சிரிப்பதை லிங்கேஸ்வரன் பார்த்தான். அதன் அடியில் வரிவரியாக எழுத்து. முதல் வரி படிக்க முடிந்தது. அடுத்த வரி? இன்னும் கொஞ்சம் இறங்கினால்...

"ஒயரம்?" என்றாள் ரேணுகா. அவள் கை கட்டுப்பாட்டுக் கோலுக்கு அருகே வந்து, தொடாமல் நின்றது.

நானூறு அடி.

அப்போது மாடியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று கோடுபோலக் கிளம்பி, எதிரே சற்றுக் கீழே பூவாக வெடித்தது. திருவிழாவுக்கு விடும் வாணவெடி. வரவேற்கிறார்கள்! அடுத்த புகையும் கிளம்பிவிட்டது. லிங்கேஸ்வரன் முழு விசை கொடுத்து மேலேற்றினான். மேற்கே மலையும் மேகமும். கை தானாகக் கிழக்கே, சமவெளிப் பக்கம் திருப்பியது. ஊரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சமவெளிக்கு மேலே வந்ததும் ரேணுகா சொன்னாள்: "யார் வீட்டுலயோ கல்யாணம் போல."

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"கல்யாணமில்ல மேடம். எனக்குத்தான் வெடி. நாந்தான் நேரஞ் சொன்னேன். அந்த எழுத்தப் படிக்கத்தான் எறங்குனேன்."

"தெரியும். ஒங்க மூஞ்சி எனக்கும் தெரிஞ்சுச்சு. இல்லாத மீசைய வேற வச்சுவிட்டிருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். தரையிறங்கியதும் அவள் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாள்.

"திரும்புனது நல்லாருந்துச்சு. எறங்குனது தப்பு. நாளைக்கு இதே வகுப்பு மறுபடியும், என்கூட. தனியாப் போறத அப்புறம் பாப்போம்ணே."

வருத்தப்படுவோம் என்று நினைத்திருந்தான். ஆனால் விமானத்தைத் திருப்பிய கை தன்னுடையதுதான் என்ற நினைப்பு உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நாள்தானே.

போன் அடித்தது. ராஜாராம்.

"என்ன மாப்ளே, ரெண்டாவது வெடிக்கே ஓடிட்ட! அத்தை பதறிப்போச்சு. இன்னும் பதினெட்டு கெடக்கு. நாளைக்கு எத்தன மணிக்கு வர்ற?"

"சொல்லமாட்டேன் மாப்ளே."

"அப்ப இத என்ன செய்ய?"

"இப்பவே விடுங்க. நான் தரையிலதான் நிக்கிறேன்."

காதில் போனை வைத்தபடியே விமானத்தின் இறக்கை நிழலில் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக வெடித்தது. நடுநடுவே பெண்கள் குலவையிட்டார்கள்.