ஷாஃப்ட் போச்சு

என் கார் செத்தது காலை ஒன்பதே முக்காலுக்கு. நான் செத்தது பத்தரைக்கு. இரண்டுக்கும் நானேதான் பொறுப்பு.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம், மடக்குகிற கூரை, இருபத்திரண்டு வயது, இரண்டே சீட்டு. ஐம்பத்தெட்டு வயதில் தொந்தியும் மூட்டுவலியும் வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் பெங்களூருக்கு ரயிலில் நின்றபடியே வேலைக்குப் போய்வந்த ஒரு மனுஷன், வேலையை விட்ட மறுவாரம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஏற எனக்கு இரண்டு நிமிஷம் ஆகும், இறங்க நாலு. மார்க்கெட்டில் ஒருமுறை யாரோ புண்ணியவான்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

என் மனைவி பியூலா காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

"உனக்குத்தான்" என்று சொல்ல எவ்வளவு மூளை வேண்டும்? என்னிடம் அவ்வளவு இல்லை. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்ததால் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "பாக்கலாம், யாரு கை காட்டறாங்களோ அவங்களுக்கு" என்றேன். தெரு சிரித்தது. பியூலா சாயங்கால ரயிலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பத்தொரு நாள் ஆயிற்று. என் போனை அவள் எடுப்பதே இல்லை. தினமும் நானே சோறு வடித்து நானே தின்றேன். அதைச் சோறு என்று நான் மட்டும்தான் சொல்வேன்.

சனிக்கிழமை மகள் ஜாய் பேசினாள். "டாடி, அம்மாவ கெஞ்சிக் கூத்தாடி அனுப்பறேன். நாளைக்குப் பத்து மணிக்கு கோரமண்டல் ஸ்டேஷன்ல எறங்குவாங்க. பிளாட்பாரத்துல நீங்க இல்லன்னா, அதே ரயிலு மாரிகுப்பம் போய்த் திரும்பறப்ப ஏறி இங்கயே வந்துடுவாங்களாம். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டிலிருந்து கோரமண்டல் ஸ்டேஷன் ஐந்து நிமிஷம். புத்தியுள்ளவன் நடந்து போயிருப்பான். நான் காரைக் கழுவித் துடைத்து, அதைப் போனில் வீடியோவும் எடுத்து, எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும் என்று பேத்தமங்களா பக்கம் ஒரு சுற்று போனேன். திரும்பும்போது மைசூர் மைன்ஸ் ரோட்டில், ஒரு வளைவு தாண்டி, டப் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. உருண்ட வேகத்திலேயே ஓரமாக ஒரு வேலமரத்துப் புதருக்குள் ஒதுக்கினேன்.

செல்ஃப் அடித்தேன். தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றியது, பற்றவில்லை. எட்டு தடவை அடித்தேன். பிறகு பெங்களூரில் மெக்கானிக் லாய்டுக்குப் போன் போட்டேன்.

"டைமிங் பெல்ட் அறுந்திருக்கும், அங்கிள். கேம் ஷாஃப்ட் சுத்தாம நின்னுடும். மறுபடி செல்ஃப் மட்டும் அடிச்சிடாதீங்க, வால்வு வளைஞ்சிடும்" என்றான்.

"எட்டு தடவ அடிச்சுட்டேனே."

"அப்ப செலவு பெல்ட்டோட நிக்காது, அங்கிள்" என்றான் லாய்ட். பிறகு, கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போங்கள் என்றான்.

மணி பத்தாக ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோட்டில் ஓர் ஆட்டோகூட இல்லை. பியூலாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் காத்தவராயன் அண்ணனைக் கூப்பிட்டேன். எழுபத்திரண்டு வயது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் விபத்து நடந்தால் உள்ளே இறங்கி ஆளைத் தூக்குகிற ரெஸ்க்யூ டீமில் இருந்தவர்.

பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய காருக்கு வெறும் பெல்ட் என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"அண்ணா, சீக்கிரம் ஸ்டேஷனுக்குப் போங்க. பியூலா வரா. மைசூர் மைன்ஸ் ரோட்டுல கார் ஷாஃப்ட்டு பூட்ச்சு. அதான் என்னால வர முடியலன்னு சொல்லுங்க."

"இன்னா? எங்க பூட்ச்சு?"

"ஷாஃப்ட்டுணா, ஷாஃப்ட்டு" என்று கத்தினேன். போன் அணைந்துவிட்டது. இருந்த சார்ஜை எல்லாம் காலையில் எடுத்த வீடியோ குடித்திருந்தது.

ஷாஃப்ட் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான அடி நேரே கீழே போகிற சுரங்கக் குழி. அப்பாவும் தாத்தாவும் தினம் ஷிஃப்டுக்கு அதில்தான் இறங்கினார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஒருவன் அந்த வார்த்தையைப் போனில் கத்தலாமா? கத்திவிட்டு, காருக்கும் புதருக்கும் நடுவில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அரைமணி நேரத்தில் ரோடு திமிலோகப்பட்டது. ஆட்டோக்கள், பைக்குகள், ஓடுகிற ஜனங்கள். எல்லாம் புதருக்குள் இருந்த காரைக் கவனிக்காமல் வளைவுக்கு அந்தப் பக்கம், சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கும் பழைய ஷாஃப்ட் பக்கம் போயின. ஷாஃப்ட்டில் ஆள் விழுந்துவிட்டான் என்று தெரிந்தது. நானும் கும்பலோடு போனேன்.

"யாரு விழுந்தது?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஏனோக்குன்னு ஒரு ஆளாம். வயசான காலத்துல செவப்புக் கார வாங்கி வெச்சுக்கினு ஆடிக்கினு இருந்தாராம். காரோட உள்ள பூட்டாரு."

"ஐயோ பாவம்" என்றேன். மனசார வருத்தப்பட்டேன். இரண்டு விநாடி கழித்துத்தான் அந்த ஏனோக் யார் என்று உறைத்தது.

எட்டிப் பார்த்தேன். காத்தவராயன் அண்ணன் தலையில் பழைய ஹெல்மெட்டோடு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பியூலா. தோளில் ஊர்ப்பை இன்னும் தொங்கியது. இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேக்குதா? கார் போனா போவுது, நீங்க ஒரு கொரல் குடுங்க. யாரு கை காட்டறாங்களோ அவங்களுக்குன்னு சொன்னீங்களே. தோ, நான் காட்டறேன், பாருங்க. நானே உக்காந்துக்கறேன். மேல வந்துடுங்க." நிஜமாகவே ஒரு கையைக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொரு நாளாக நான் கேட்க ஏங்கிய குரல். இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்ட அயோக்கியன் நான். ஆனால் அண்ணன் சுவருக்கு மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"பியூலா, நான் இங்க கீறேன்" என்றேன்.

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது.

"யோவ், ஷாஃப்ட்டு பூட்ச்சுன்னியே?" என்றார் காத்தவராயன் அண்ணன்.

"இது எஞ்சினுக்குள்ள இருக்கிற ஷாஃப்ட்டுணா. பெல்ட்டு அறுந்து பூட்ச்சு."

"பெல்ட்டுன்னு சொல்லியிருந்தா, பேன்ட்டப் புடிச்சிக்கினு வாடான்னு சொல்லிட்டு ஊட்லயே இருந்திருப்பேன்" என்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

பியூலா கிட்டே வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஊர்ப்பையாலேயே தோளில் ஓங்கி ஒரு அடி. உள்ளே ஊறுகாய் பாட்டில் இருந்தது. "கார் எங்க?" என்றாள்.

காட்டினேன். விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்து, இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. என்னைத் தூக்க வைத்திருந்த கயிற்றால் காரை ஓர் ஆட்டோவில் கட்டினார்கள். தூரத்தில், மாரிகுப்பத்திலிருந்து திரும்புகிற ரயில் ஊதுவது கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆட்டோ இழுத்து ஊர்வலம் போகிற ஸ்போர்ட்ஸ் காரில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கூரையை மூடக் கையை நீட்டினேன்.

"மூடாதீங்க" என்றாள் பியூலா. "யார் யார் கை காட்டறாங்கன்னு நானும் பாக்கணும்."

வழி நெடுக ஊரே சிரித்துக்கொண்டு கை காட்டியது. கோரமண்டல் வரைக்கும் ஒருத்தர் விடாமல் அவளும் கை காட்டினாள். யாருக்காகவும் நிறுத்தச் சொல்லவில்லை.