பட்டெடுக்க நான் வரவில்லை

காஞ்சிபுரத்தில் வீடு இருக்கிறவளுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. காலண்டரில் இருக்கும், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையில் இருக்கும், என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

சித்திரை பிறந்தால் போதும், உறவுக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று என் நினைவு வந்துவிடும். வருடம் முழுக்க ஒரு போன் இருக்காது. கல்யாணம் என்றால் பட்டு, பட்டு என்றால் காஞ்சிபுரம், காஞ்சிபுரம் என்றால் சங்கரி. "நீ பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு, தறி வீட்ல பொறந்து தறி வீட்லயே வாழ்க்கப்பட்டவ. உன்னை விட்டா யாரைக் கூட்டிக்கினு போறது?" என்பார்கள். இதற்கு நடுவில் வைகாசிக் கருட சேவைக்கு வருகிற கூட்டம் தனி. கோயிலுக்கு வந்தவர்கள் கடைக்குப் போவார்கள், கடைக்கு வந்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இரண்டு கூட்டத்துக்கும் நான்தான் சமைப்பேன்.

கடையில் என் வேலை என்னவென்றால், பார்டரை நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும், முந்தானையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மலை அளவுக்குப் பிரித்துப் போட்டபின், முதலில் பார்த்ததையே எடுப்பார்கள். அதற்குள் எனக்கு ஒரு நாள் போயிருக்கும்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். கணக்கு டீச்சருக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வருகிறது, எழுதுகிறேன், என்ன செய்ய? பத்திரிகைகளில் நாலைந்து கதைகள் வந்தன. அப்புறம் துணிச்சல் வந்து நாவல் ஒன்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அம்சவேணி என்ற பெண்ணைப் பற்றியது. அதில் பட்டும் இல்லை, தறியும் இல்லை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. புருஷன் வீட்டுக்குத் திரும்புவதா, அல்லது ஆட்டோவை எடுத்துக்கொண்டு தன் வழியே போவதா என்று அவள் முடிவெடுக்க வேண்டிய இடம். அந்த இடத்தில் அவளை வண்டியோடு நிறுத்திவிட்டு ஆறு வருடம் ஆகிறது. பாவம், அவளும் எத்தனை நாள்தான் நிற்பாள்!

ஊரில் இருந்தால் முடியாது என்று தெரிந்துபோயிற்று. போன கோடையில் யாழ்ப்பாணம் போனேன். கடல் தாண்டிவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். வீடியோ கால் என்று ஒன்று இருக்கிறதே! அந்த விடுமுறையில் மூன்று கல்யாணத்துக்குப் புடவை தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நாவலில் இரண்டு பக்கம் எழுதினேன், திரும்பி வந்து படித்தபோது இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இந்த வருடம் வியட்நாமில் குய் நோன் என்ற ஊருக்குப் போவதென்று முடிவு செய்தேன். கடலோர ஊர். எங்கள் சொந்தத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே இல்லை. அதுதான் அதன் முதல் தகுதி. வெளிநாடு போகப் பள்ளியில் அனுமதி கேட்டபோது தலைமை ஆசிரியர் மணிவண்ணன் சார், "எழுதப் போறேன்னு போட்டா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா. சுற்றுலான்னு போட்டுடுங்க" என்றார். போட்டேன். என் கணவர் உமாபதி தறியிலிருந்து எழுந்து வந்து டிக்கெட்டைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "போய்ட்டு வா. ஆனா எங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். அவருடைய அக்கா புவனேஸ்வரி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அரக்கோணத்தில் இருக்கிறார். இரண்டு பெண்கள். மூத்தவள் குழலிக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அண்ணியிடம் அது முடியாது. அம்மா இல்லாத தம்பியை அவர்தான் தறியில் உட்கார்ந்து சம்பாதித்து வளர்த்தார். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்த நான் பி.எட். படிக்கிறேன் என்றபோது வீடே குதித்தது. அண்ணி அரக்கோணத்திலிருந்து வந்தார், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், "இவன் என்கூட இருக்கட்டும். நீ போய்ப் படி" என்றார். இன்று என் பெயருக்குப் பின்னால் டீச்சர் என்று ஒரு சொல் இருக்கிறதென்றால் அது அவர் கொடுத்தது. அவருக்கு இல்லையென்று சொல்ல என் வாய்க்கு இதுவரை பழக்கம் இல்லை.

போனில் சொன்னேன்.

"நீ இல்லாம முகூர்த்தப் புடவை எடுக்கறதா? நல்லா இருக்குது போ."

"ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வந்துடுவேன் அண்ணி. வந்ததும் முதல் வேலை அதுதான்."

"சரி, வா. காத்துக்கினு இருக்கேன்" என்றார்.

குய் நோனில் லான் என்ற அம்மாளின் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் கடல். அமைதி தேடிப் போனவளுக்குக் கிடைத்தது என்னவென்றால், சாயங்காலம் ஆனதும் லான் அம்மாள் தன் தோழிகளோடு மைக் வைத்துப் பாடுவார். சும்மா இல்லை, கரோக்கே போட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி. எங்கள் ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை அங்கே கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் காலை முழுக்க என்னுடையது. யாரும் கதவைத் தட்டவில்லை. உங்கள் ஊரில் பட்டு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குள் செங்கல்லில் கட்டிய பழைய சிவன் கோயில் கோபுரங்கள் இருந்தன. பார்த்துவிட்டு வந்து கணவரிடம், "இங்கயும் நம்ம ஆளு இருக்காருங்க" என்று சொன்னதோடு சரி, வேறெங்கும் சுற்றவில்லை.

முதல் சில நாள்கள் எழுத்து வரவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை தூரம் வந்தும் வரவில்லையென்றால் குற்றம் ஊரில் இல்லை, என்னிடம்தான் என்று பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாள் உறவுக்காரர்களைத் திட்டியதெல்லாம் சாக்குத்தானோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம் ஒரு காலையில் அம்சவேணி ஆட்டோவை உதைத்துக் கிளப்பினாள். அதை நான் யோசித்து எழுதவில்லை, அவளே கிளப்பினாள். அவள் எந்தப் பக்கம் திருப்பப் போகிறாள் என்று எனக்கே தெரியாமல் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை, அவள் வண்டி முனைக்கு வந்துவிட்ட நேரத்தில் போன் அடித்தது. அண்ணி. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எடுத்தேன்.

திரையில் முழுக்கப் பட்டு. அதற்குப் பின்னால் கடை வெளிச்சத்தில் அண்ணியின் முகம். அவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் என் கணவர், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

"சங்கரி, கோச்சுக்காதம்மா. மாப்பிள்ளை வீட்ல இன்னிக்குத்தான் நல்ல நாளுன்னு திடீர்னு கெளம்பி வந்துட்டாங்க. உன்னைக் கேக்காம எடுக்க மனசு வரல. இந்த அரக்குக் கலரைப் பாரு, அந்த மாம்பழக் கலரையும் பாரு. எதுன்னு சொல்லு."

எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றைப் பார்த்தேன் என்றால் அடுத்தது வரும். போனில் நிறம் சரியாகத் தெரியாது, வாசலுக்கு எடுத்துப்போவார்கள், கேமராவைத் திருப்புவார்கள். மத்தியானம் ஆகிவிடும். அம்சவேணி மறுபடி வண்டியை அணைத்துவிடுவாள். இந்தத் தடவை நின்றால் அவள் கிளம்பவே மாட்டாள்.

"அண்ணி, நான் வேலையில இருக்கேன்."

"லீவுல என்னம்மா வேலை?"

"எழுதிக்கினு இருக்கேன்."

"எழுது, யாரு வேணாம்னா? அஞ்சே நிமிஷம் இதைப் பாத்துட்டு அப்புறமா எழுது."

அதில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டம். அன்பாகத்தான் சொன்னார். இந்த மனுஷிக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவித்தேன். யோசிக்காமலே வாயில் வந்தது:

"அண்ணி, நான் தறியில உக்காந்துகினு இருக்கேன்."

எங்கள் தெருவில் தறியில் உட்கார்ந்தவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். சம்பந்தி வந்தாலும், நெய்கிறவர் தானாக எழுந்து வரும்வரை கூடத்தில் காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் அவசரமாக எழுந்துபோய்த் திரும்ப வந்து உட்கார்ந்தால், இழையை இறுக்குகிற கையின் அடி மாறிவிடும். மாறிய இடத்தில் புடவையில் குறுக்கே ஒரு கோடு விழும், துவைத்தாலும் போகாது. இது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் கல்யாணமாகிப் போகும்வரை தறியில் உட்கார்ந்த அண்ணிக்கு நான் சொல்லவும் வேண்டாம்.

திரையில் பட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. அண்ணி என்னைப் பார்த்தார். சம்பந்திகள் எதிரில் அவரை அவமானப்படுத்திவிட்டேனா என்று பயந்தேன்.

"என்னவாம்?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்பது காதில் விழுந்தது.

"தறியில இருக்கா. அப்புறம் பேசலாம்" என்றார் அண்ணி.

"வெளிநாட்லயா? தறியா?" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே லான் அம்மாள் மைக்கைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் அம்சவேணி வண்டியைத் திருப்பினாள். புருஷன் வீட்டுப் பக்கம் இல்லை. தென்னேரி ஏரிக்கரை ஓரமாக, பின்னால் நாலு சவாரியோடு, போய்க்கொண்டே இருந்தாள். அதற்குக் கீழே முற்றும் என்று எழுதினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதிய முற்றும். கீழே இறங்கிப்போய் லான் அம்மாள் நீட்டிய மைக்கை வாங்கி எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டைப் பாடினேன். கை தட்டினார்கள். அவர்களுக்குச் சங்கீத ஞானம் கிடையாது.

அதற்குப் பிறகு அண்ணியிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கணவர்தான் சொன்னார், குழலியே தேர்ந்தெடுத்தாளாம், கிளிப்பச்சையில் வாடாமல்லி பார்டர். கேட்டதும் சுருக்கென்றது. நான் இல்லாமலே நடந்துவிட்டது பார்! இதைத்தானே வேண்டினேன், நடந்தபின் ஏன் வலிக்கிறது? நாவல் முடிந்த சந்தோஷத்தைவிட, அண்ணியை இழந்துவிட்டேனோ என்ற பயம்தான் விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

ஊர் வந்த அந்த வாரமே அண்ணி வந்துவிட்டார். கையில் புடவைப் பெட்டி. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தார். நான் தேர்ந்தெடுத்திருந்தால் அரக்குத்தான் எடுத்திருப்பேன். இது அதைவிட அழகாக இருந்தது, சொல்லிவிட வேண்டியதுதான்.

"கோவமா அண்ணி?"

"பின்ன இல்லியா? ரெண்டு நாளு சோறு எறங்கல. இத்தினி பேர் எதிர்ல இப்படிச் சொல்லிட்டாளேன்னு இருந்துது." முந்தானையை மடித்தபடியே பேசினார். "அப்புறம் நெனைச்சுப் பாத்தேன். நான் தறியில இருந்தப்ப என்னை யாராவது கூப்ட்டிருக்காங்களா? எங்கப்பா செத்த சேதியையே எழுந்த பொறவுதான் சொன்னாங்க." பெட்டியை மூடி வைத்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி."

"படி, கேக்கறேன்."

படித்தேன். கடைசி அத்தியாயத்தை மட்டும். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். முடித்ததும், "பெட்ரோல் போட்டுக்கினு கெளம்பினாளா இல்லியா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். போட்டாள் என்றேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அப்போது அவர் போன் அடித்தது. சின்னவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வீட்டார். வருகிற வைகாசியில் முகூர்த்தம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள் என்பது இந்தப் பக்கப் பேச்சிலிருந்து புரிந்தது.

"வைகாசி வேணாங்க" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னாடி தை மாசமே வெச்சுக்கலாம். வைகாசியில எங்க சங்கரி ஊர்ல இருக்க மாட்டா, அவளுக்கு வேலை இருக்குது."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்த தடவை எந்த ஊரு?" என்று கேட்டார்.