வெந்நீர் பார்க்காத கம்பிகள்

பகவதிப்பெருமாளின் பேஸ் கிதார் புதுக்கம்பி பார்த்ததே கிடையாது, பார்த்ததெல்லாம் வெந்நீர்தான். கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி ட்ரூப்பில் வாசித்த காலத்தில், சத்தம் மந்தமானால் நாலு கம்பியையும் கழற்றிச் சுருட்டி, கொதிக்கவிட்டு, துடைத்து மறுபடி மாட்டுவார். அழுக்குப் போய் இரண்டு மேடைக்குத் தாங்கும். கல்யாணமான புதிதில் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்த முத்தாரம்மாள், "இது எந்த ஊர் இடியாப்பம்?" என்று கேட்டாள்.

இப்போது பழைய ட்ரூப் மறுபடி கூடுகிறது. மலையாளிப் பாடகர் பத்மகுமார் கல்ஃப் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். கோயில் உற்சவத்துக்கு ஒரே ஒரு கானமேளா. பெருமாளுக்கு ஒரே எதிரி, கீபோர்டுக்குப் புதிதாக வந்த சுமந்தின் இடதுகை. "அங்கிள் கஷ்டப்பட வேண்டாம், பேஸையும் நான் லெஃப்ட் ஹேண்டிலயே வாசிச்சிடுவேன்" என்று பணிவாகச் சொல்லியிருந்தான். பணிவாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. ரிகர்சலில் பார்த்து முடிவு பண்ணலாம் என்றார் பத்மகுமார்.

கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகள் ஆர்ஷா ஒரு செட் கம்பி வாங்கி வந்தாள். "அப்பா, இந்தத் தடவையாவது அதுகளைக் குளிப்பாட்டாம விடுங்க."

ஸ்ரீவராகம் வீட்டு முன்னறையில் மாட்டி, சுருதி சேர்த்துத் தொட்டார். ணங்! கோயில் மணியை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. விரல் நகர்ந்தால் கீச்சென்றது. பழைய கம்பிகள் பெருமாளைப் போலவே பழுத்த குமாஸ்தாக்கள்; செய்தது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியவிடமாட்டார்கள். இவை அப்படியில்லை. ட்ரூப்பின் வழக்கமான முதல் பாட்டில், சரணத்துக்குச் சற்று முன்னால் கை பழக்கத்தில் விழுந்த சுரம் பச்சை அபசுரம். பழைய கம்பியில் அது வெறும் 'தொம்'. அதை ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார். ஊரும் கைதட்டியிருக்கிறது.

"என்ன, முகம் இப்படிப் போகுது?" என்றாள் முத்தாரம்மாள்.

"புதுக்கம்பி கோள் சொல்லுது, முத்து."

"சொல்லட்டும். நான் சொன்னப்போ கேக்கவா செஞ்சீங்க?"

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்து கையைத் திருத்தினார்.

பழவங்காடியில் ஒரு கடை மாடியில் ரிகர்சல். அந்த இடம் வந்தது. சரியான சுரம் கணீரென்று விழுந்தது. பத்மகுமார் சரணத்துக்கு வாயைத் திறக்கவில்லை. மறுபடி வாசித்தார்கள்; மறுபடியும் திறக்கவில்லை.

"அங்கிள், நான் ஒண்ணு ட்ரை பண்ணட்டா?" என்றது இடதுகை. பிசிறில்லாமல் வாசித்தான். பத்மகுமார் அதற்கும் சரணத்தைத் தவறவிட்டார்.

"எடோ பெருமாளே, எனக்கு எடுப்பு கிட்டலை. பண்டு இங்க ஒரு 'தொம்' போடுவியே, எங்கடோ அது?"

"அது தப்புச் சுரம்டே. இப்பத்தான் தெரிஞ்சுது."

"தப்புன்னு ட்ரூப் முழுக்க அறியும்! அது விழுந்தாத்தான் நான் கேறுவேன். கல்ஃபில குளிமுறியில பாடும்போதுகூட, அதை வாயால போட்டுட்டுத்தான் சரணத்துக்குக் கேறுவேன்."

பெருமாள் கிதாரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். பெருமாளின் தப்பைக் கல்ஃப் குளியலறையில் ஒருவர் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

அந்த இடம் மறுபடி வந்தது. ஒரு வாரப் பயிற்சியை உதறிவிட்டு விரல் பழைய வீட்டுக்கே போய் உட்கார்ந்தது. தெருவுக்கே கேட்கும்படி அபசுரம் முழங்கியது. பத்மகுமார் கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே சரணத்தில் ஏறினார்.

சுமந்த் இடதுகையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, ஆறிக்கொண்டிருந்த டீயைப் பிடித்துக்கொண்டான்.